ஓசூரில் சின்ன பிளேட்டிங் யூனிட்: கெமிக்கல் பாதுகாப்பை மாற்றுவது வாங்கும் கம்பெனியா, சங்கமா?

கேள்வி இது: ஓசூர் சிப்காட் பக்கம் துத்தநாக முலாம் போடும் சின்ன யூனிட். பாகங்களை வாங்கும் கம்பெனி 'ஹெக்ஸா குரோமியம் (புற்றுநோய் வரவழைக்கும் குரோமியம் வகை) இல்லை' என்று எழுதிக் கேட்கிறது. அது போதுமா, தொழில் சங்கத்தில் சேர்ந்தால் கூடுதல் பலன் உண்டா?

வாங்கும் கம்பெனியின் பிடி வலுவானதுதான். ஐரோப்பாவுக்குப் போகும் கார், சிறு வேன்களின் துருத்தடுப்புப் பூச்சில் ஹெக்ஸா குரோமியம் 2007 ஜூலையிலிருந்து கூடாது; சேஸிஸ் நட்டு, போல்ட்டுக்கு 2008 ஜூலையிலிருந்து. அந்த ஒரு விதி வண்டிக் கம்பெனியிலிருந்து நட்டு, போல்ட்டுக்கு முலாம் போடுகிற ஷெட் வரை இறங்கி, மஞ்சள் பாஸிவேஷனை (துத்தநாகத்தின் மேல் போடும் ஹெக்ஸா குரோமியப் பாதுகாப்புப் படலம்) அபாயம் குறைந்த டிரைவேலன்ட் குரோமியத்துக்கு மாற்ற வைத்தது. இன்ஸ்பெக்டர் சொல்லி மாறாதது, ஆர்டர் போய்விடும் என்றதும் மாறியது.

ஆனால் வாங்குபவர் பார்ப்பது பாகத்தில் ஒட்டியிருப்பதை மட்டுமே. டேங்க், டிரம், சாக்கடை அவர் கண்ணில் படாது. மாற்றும்போதே தப்பு நடக்கிற இடமும் உண்டு: பழைய மஞ்சள் டேங்கின் லைனிங்கைச் சரியாகக் கழுவாமல் அதிலேயே டிரைவேலன்ட் கரைசலை ஊற்றுவார்கள். பாகங்களை மாட்டும் ஜிக்கிலும் போட்டுச் சுழற்றும் பேரலிலும் மிச்சமிருக்கும் ஹெக்ஸா, பாகத்தோடு சேர்ந்து டெஸ்டில் அகப்படும். டேங்க் அடியில் விழுந்த பாகங்கள் கரைந்து இரும்பு ஏறினாலும் துருத்தாங்கும் நேரம் குறையும். தினமும் வேலை முடிந்ததும் காந்தம் விட்டு எடுத்துவிடுங்கள்.

சங்கத்தின் வேலை அந்தக் கண்ணில் படாத இடத்தில்தான். என் கணிப்பில் முதல் காரியம், தெருவுக்கு ஒரு கெமிக்கல் வரைபடம். உங்கள் ஷெட்டில் ஊறுகிற அமிலமும் பக்கத்து ஷெட்டின் சயனைடு கழுவுநீரும் ஒரே சாக்கடையில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். ஆளைச் சாய்க்க அது போதும். இரண்டு ஓனர்களும் பேசிக்கொள்ளாதவரை இந்த அபாயம் எந்த ஆடிட் தாளிலும் வராது. யாரிடம் என்ன, எவ்வளவு, எந்தப் பக்கம் வடிகிறது, ராத்திரி யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி ஒவ்வொரு கேட்டிலும் ஒட்டுங்கள்.

அடுத்தது வாங்குமுறை. தனியாக ஒரு கேன் வாங்குபவருக்கு டீலர் பெரிய கார்பாயிலிருந்து பிரித்து, லேபிள் இல்லாத கேனில் ஊற்றித் தருவார். பத்து யூனிட் சேர்ந்து வாங்கினால் நிபந்தனை போடலாம்: சீல் உடையாத கேன், 16 பகுதி கொண்ட பாதுகாப்புத் தாள், அதில் முதலுதவியும் சிந்தினால் செய்வதும் தமிழில், காலி கேனை முறைப்படி அகற்றும் பொறுப்பு யாருக்கு என்பது. காலி கேன்தான் பெரிய கவலை. சட்டப்படி அதுவும் அபாயக் கழிவு. பழைய இரும்புக் கடைக்குப் போனால், அங்கிருந்து யாரோ ஒரு வீட்டின் தண்ணீர்க் கேனாகிவிடும்.

கழிவுநீரில் சங்கம் ஒரு பொதுச் சோதனைக் கிட் வைத்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தெரிந்துவிடும். ஹெக்ஸா குரோமியத்தை முதலில் பிஹெச் (எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 2-லிருந்து 3-க்குள் வைத்து, 1 கிலோ குரோமியத்துக்குச் சுமார் 3 கிலோ சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டு டிரைவேலன்ட் ஆக்க வேண்டும். பிறகுதான் சுண்ணாம்பு போட்டு பிஹெச் 8.5 பக்கம் கொண்டுபோய் படிய விடுவது. அவசரத்தில் அமிலத்தைக் குறைத்துப் போட்டால் பிஹெச் 4, 5-லேயே நிற்கும், வினை இழுத்தடிக்கும். மாறாத ஹெக்ஸா சுண்ணாம்பில் படியாது. மஞ்சளாகவே வெளியே போகும். டைபினைல்கார்பசைடு (ஹெக்ஸாவைக் காட்டும் சோதனைக் கெமிக்கல்) சொட்டு விட்டு ஊதா நிறம் வந்தால் வால்வைத் திறக்காதீர்கள். மெட்டாபைசல்பைட்டை மொத்தமாகக் கொட்டினால் கந்தக டை ஆக்சைடு மூச்சை அடைக்கும்; கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், காற்றோட்டம் இருக்கட்டும்.

இப்படிப் படிகிற கழிவுச் சேற்றை, அதாவது ஸ்லட்ஜை, 90 நாளுக்கு மேல் வைக்கக்கூடாது என்பது 2016 அபாயக் கழிவு விதி. ஆண்டுக்கு 10 டன்னுக்குள் கழிவு வரும் சிறு யூனிட்டுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 180 நாள் வரை நீட்டித் தரலாம். அதற்குள்ளும் ஒரு யூனிட்டின் ஸ்லட்ஜ் லாரி நிறையாது, கும்மிடிப்பூண்டியிலுள்ள அபாயக் கழிவு நிலையம் வரை வாடகையும் கட்டுப்படியாகாது. மூட்டைகள் சுவரோரம் நனைந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான். நாலைந்து யூனிட் ஒரே அனுமதி பெற்ற லாரியைப் பேசிக்கொள்ளலாம். மேனிஃபெஸ்ட் (கழிவோடு போகும் பதிவுச் சீட்டு) மட்டும் அவரவர் பெயரில் தனித்தனியாக, எடை போட்ட பிறகு.

சங்கத்தில் சேருமுன் ஒன்று கேளுங்கள்: கடைசியாக எப்போது கெமிக்கல் சிந்தும் ஒத்திகை நடத்தினார்கள், அதில் வந்தது ஓனர்களா, டேங்க் பக்கத்தில் நிற்கும் தொழிலாளர்களா? வேறு மாநிலத்து ஆட்கள் நிற்கிற லைனில் தமிழ்த் தாள் மட்டும் போதாது, இந்தியிலும் ஒடியாவிலும் ஒட்ட வேண்டும்.