டிக்டொக்கில் தெரிந்த முகம்: அதைத் தொழிலாக்குவது எப்படி?

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம். நம்மூர்ப் பேச்சில் நகைச்சுவை வீடியோ போட்டு டிக்டொக்கில் ஓரளவு பெயர் கிடைத்திருக்கிறது. கல்முனை, காத்தான்குடிக் கடைக்காரர்கள் கூப்பிட்டு, "நம்மட கடைக்கும் ஒரு வீடியோ போடு தம்பி" என்கிறார்கள். ஒருவர் காசு தருவார், இன்னொருவர் இரண்டு சேட்டோடு அனுப்பிவிடுவார். இதையே சமூக ஊடக மார்க்கெட்டிங் தொழிலாகச் செய்யலாமா? எவ்வளவு கேட்பது?

பதில்: தாராளமாகச் செய்யலாம் தம்பி. ஆனால் உங்களிடம் இப்போது கேட்கப்படுவது இரண்டு வேறு சரக்கு. ஒன்று உங்கள் முகம். மற்றது, கடைக்கு ஆள் வரவைக்கும் வேலை. முகத்துக்கு இன்றைக்கு மவுசு இருக்கிறது. அடுத்த வருடம் இன்னொரு பிள்ளை வந்து உங்களைவிட நன்றாகச் சிரிக்கவைக்கலாம். வேலை தெரிந்த ஆளைக் கடைக்காரர் விடமாட்டார்.

முதலில் உங்கள் கணக்கின் அனலிட்டிக்ஸைத் திறந்து, பார்ப்பவர்கள் எந்த நாடு, எந்த ஊர் என்று பாருங்கள். நம்மூர்ப் பேச்சை ஆசையாகக் கேட்பவர்களில் நிறையப் பேர் கட்டாரிலும் சவூதியிலும் சுவிஸிலும் கனடாவிலும் இருப்பார்கள். அவர்கள் இலட்சம் முறை பார்த்தாலும் சம்மாந்துறை ஹாட்வெயார் கடையில் ஒரு மூட்டை சீமெந்து கூடுதலாகப் போகாது. அதே ஆட்கள் மருதமுனைக் கைத்தறிச் சேலை விற்பவருக்குத் தங்கமான வாடிக்கையாளர்கள். அம்மாவின் பிறந்தநாளுக்கு வீட்டு வாசலுக்கே கேக் அனுப்ப நினைக்கும் தோஹாக்காரருக்கும் உங்கள் வீடியோ நேரே போய்ச் சேரும். ஆகவே யார் கூப்பிட்டாலும் ஓடாமல், உங்கள் பார்வையாளருக்குப் பொருந்தும் கடையைத் தேடிப் பிடியுங்கள்.

உள்ளூர்க் கடைக்கு என்றால் பேஸ்புக்கில் காசு கட்டி விளம்பரம் ஓட்டப் பழக வேண்டும். பதிவைக் காசு கட்டிப் பரப்பும் 'பூஸ்ட்' பொத்தானோடு நின்றுவிடாமல், விளம்பரத்தை யாருக்கு, எங்கே காட்டுவது என்று தீர்மானிக்கும் பேஸ்புக்கின் அட்ஸ் மனேஜரைக் கற்றுக்கொள்ளுங்கள். கல்முனைக் கடை ஒன்றுக்கு வரைபடத்தில் பஜாரில் புள்ளி வைத்து, விளம்பரம் காட்டும் வட்டத்தைச் சுருக்கினால் மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எல்லாம் உள்ளே வந்துவிடும். வட்டத்தைப் பெரிதாக்கினால் அம்பாறை நகரமும் சேரும். அங்கே பெரும்பாலும் சிங்களம் பேசுபவர்கள், தமிழ் விளம்பரத்துக்குக் கட்டிய காசு வீண். விளம்பரத்தை அழுத்தினால் நேரே கடையின் வட்ஸ்அப் திறக்கும்படி வையுங்கள். நம் ஆட்கள் படிவம் நிரப்ப மாட்டார்கள், "இருக்கா?" என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்கு யார், எப்போது பதில் சொல்வது? வியாபாரம் கைநழுவும் இடமே இதுதான். வீடியோவுக்குக் கீழே இருபது பேர் "விலை?" என்று கேட்டிருப்பார்கள், எல்லாருக்கும் "இன்பொக்ஸ் வாங்க" என்று ஒரே பதில். விலையை வீடியோவிலேயே போடச் சொல்லி முதலாளியோடு வாதாடுங்கள். பின்னேரம் கடைக் கூட்டம் கூடும் நேரத்தில் போனை யார் பார்ப்பது என்பதையும் முன்கூட்டியே பேசி முடியுங்கள்.

காசு விடயத்தில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்குப் பார்த்துக் கூலி வாங்காதீர்கள். படம் பிடிக்க, வெட்டி ஒட்ட, பதில் எழுத எத்தனை மணித்தியாலம் என்று கூட்டி, மாதத்துக்கு இத்தனை வீடியோ, இவ்வளவு காசு என்று பேசுங்கள். விளம்பரச் செலவு தனி. அது முதலாளியின் கார்ட்டிலிருந்தே போகட்டும். சேட்டுத் துணிக்கு வேலை செய்வதை இன்றோடு நிறுத்துங்கள். கடையின் பேஸ்புக் பக்கமும் கடைக்காரர் பெயரிலேயே இருக்க வேண்டும், நீங்கள் அனுமதி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கு யாருடையது என்ற சண்டை உறவையே முறித்துவிடும்.

சில வேலைகளை எவ்வளவு தந்தாலும் ஏற்காதீர்கள். புகையிலை, மதுபான விளம்பரத்தை இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடை செய்கிறது. ஒரு கிழமையில் வெள்ளையாக்கும் கிரீம் என்று யாராவது வந்தால் திருப்பி அனுப்புங்கள். உங்களை நம்பிப் பூசப்போவது நம் பிள்ளைகளின் முகம். காசு வாங்கிப் போடும் வீடியோவில் அது விளம்பரம் என்று காட்டும் தெரிவை டிக்டொக்கிலேயே போட்டுவிடுங்கள். சினிமாப் பாட்டை ஒட்டாதீர்கள், வணிகத்துக்கென அனுமதித்த இசை அங்கேயே இருக்கிறது.

தொடங்கும்போது ஒரே ஒரு கடை போதும். மூன்று மாதம் செய்து, மாதாமாதம் எத்தனை பேர் வட்ஸ்அப்பில் கேட்டார்கள், அதில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள். அடுத்த முதலாளியிடம் காட்ட வேண்டியது அந்தக் கொப்பிதான். சரி, இரண்டாவது கடை கிடைத்ததும் பிரதேச செயலகத்துக்குப் போய் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்கும் திறந்துவிடுங்கள். அருகம்பே, பாசிக்குடா ஹோட்டல்காரர்களிடம் போக நினைத்தால் ஜனவரி, பெப்ரவரியிலேயே போய்ப் பேசுங்கள். சீசன் தொடங்கியபின் அவர்களுக்கு உங்களோடு கதைக்க நேரமிருக்காது.