நெட் பயிற்சிக்கு அரசுப் பணம்: உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது

கேள்வி: வாணியம்பாடியில் வசிக்கிறேன். லப்பை முஸ்லிம். எம்.ஏ. தமிழில் 52 சதவீதம். கல்லூரி உதவிப் பேராசிரியராக நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். ஒரு பயிற்சி மையத்தின் ஆள் வீட்டுக்கு வந்தார். சிறுபான்மை மாணவர்களின் நெட் கோச்சிங்குக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பணம் தருகிறது, முதலில் 42,000 ரூபாய் கட்டினால் ஆறு மாதத்தில் என் கணக்குக்கே திரும்பி வரும், விண்ணப்பம் போட 3,500 தனி என்றார். நம்பலாமா? அப்பா அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர், ஆண்டுச் சம்பளம் 9 லட்சத்தைத் தாண்டும். அம்மா வீட்டில் இருக்கிறார். சம்பளம் அதிகம் என்பதால் எனக்கு ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் கிடைக்காது என்கிறார்கள்.

பதில்: கட்டாதீர்கள். 42,000-மும் வேண்டாம், 3,500-மும் வேண்டாம். ஏற்கெனவே ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக் நகல் கொடுத்திருந்தால் இனி அவர் பெயரைச் சொல்லி யார் ஓடிபி கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் கைமாறிவிட்டது என்றால் அன்றே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

அவர் சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். பாதி உண்மை என்பதால்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயரில் (வசதியானவர்கள் என்று சலுகையிலிருந்து விலக்கப்படும் பிரிவில்) வராத ஓபிசி, சிறுபான்மையினர் ஆகியோருக்கு மூன்று வகைப் பயிற்சி நடத்தப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் யுஜிசி நிதி கொடுத்தது உண்மை. பாடத்தில் பின்தங்கியவர்களுக்கான வகுப்பு ஒன்று, அரசு வேலைத் தேர்வுகளுக்கான வகுப்பு ஒன்று, நெட், அதன் மாநில வடிவமான செட் தேர்வுகளுக்கான வகுப்பு ஒன்று. ஆனால் அந்தப் பணம் கல்லூரியின் கணக்குக்குத்தான் போனது. பாடம் எடுப்பவருக்கு மதிப்பூதியம், புத்தகம், கணினி, ஒருங்கிணைப்பாளருக்குச் சிறு தொகை என்று அங்கேயே செலவாகி, செலவுக்கான பயன்பாட்டுச் சான்று மட்டும் யுஜிசிக்குப் போனது. மாணவருக்குக் கிடைத்தது கட்டணம் இல்லாத வகுப்பு. தனியார் மையத்தில் கட்டிய பணத்தை மாணவருக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு அந்தத் திட்டத்தில் கிடையாது. அதுவும் ஐந்தாண்டுத் திட்டக் காலத்து நிதி. 12-வது ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சோடு முடிந்தது. அந்தப் பழைய சுற்றறிக்கையின் நகலைத்தான் இன்றும் செல்போனில் காட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள். அடுத்து யாராவது காட்டினால் முதலில் தேதியைப் பாருங்கள்.

வேறு பெயர்களையும் சொல்வார்கள். ‘நயா சவேரா’ என்பது ஒன்றிய சிறுபான்மையினர் நல அமைச்சகத்தின் இலவசப் பயிற்சித் திட்டம். 2022-23-லிருந்து அது இல்லை. மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை ஆய்வு மாணவர்களுக்கானது, பயிற்சிக்கானது அல்ல. அதையும் 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். எஸ்சி, ஓபிசி மாணவர்களுக்குச் சமூக நீதி அமைச்சகம் நடத்தும் இலவசப் பயிற்சி, வேலைத் தேர்வுகளையும் நுழைவுத் தேர்வுகளையும் நோக்கியது. ஜாமியா மில்லியா, அலிகார், ஹம்தர்த், ஹைதராபாத் மௌலானா ஆசாத் உருதுப் பல்கலை, லக்னோ அம்பேத்கர் பல்கலை ஆகிய ஐந்திலும் யுஜிசி நிதியில் தொடங்கிய தங்கிப் படிக்கும் பயிற்சி மையங்கள் உண்டு. அவற்றின் முதல் கவனம் சிவில் சர்வீஸ். உதவிப் பேராசிரியர் பணிக்கு வரும் சிறுபான்மை மாணவர்களுக்கென்று ஒழுங்காக, ஆண்டுதோறும், கேட்டால் கிடைக்கும் ஒரு பயிற்சி நிதி இன்று கண்ணில் படவில்லை என்பதுதான் நிலைமை. இருந்ததை நிறுத்துபவர்கள் நிறுத்தியதை உரக்கச் சொல்வதில்லை. அந்த மௌனம்தான் தரகர்களுக்கு மூலதனம்.

இலவச வகுப்பே கிடையாது என்று இதற்குப் பொருள் இல்லை. சில பல்கலைக்கழகங்களும் உதவி பெறும் கல்லூரிகளும் தங்கள் சொந்த நிதியில் நெட், செட் வகுப்பை இன்றும் நடத்துகின்றன. விளம்பரம் பெரும்பாலும் துறை அறிவிப்புப் பலகையோடு முடிந்துவிடும். நீங்கள் எம்.ஏ. படித்த கல்லூரியிலும் உங்கள் பகுதிப் பல்கலைக்கழகத்திலும் நேரில் போய்க் கேளுங்கள். எஸ்சி, எஸ்டி பிரிவு, சம வாய்ப்புப் பிரிவு, தமிழ்த் துறைத் தலைவர் என்று மூன்று இடம். ‘ஸ்காலர்ஷிப் இருக்கிறதா’ என்று கேட்டால் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ‘நெட் வகுப்பு எப்போது தொடங்குகிறது, வெளி மாணவர்களைச் சேர்ப்பீர்களா’ என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

இத்தகைய வகுப்புகளின் வழக்கமான கோளாறையும் தெரிந்துகொள்ளுங்கள். நிதி தாமதமாக வரும், நிதியாண்டு மார்ச்சில் முடியும். அதற்குள் செலவுக் கணக்குக் காட்ட வேண்டுமே என்று பிப்ரவரியில் அவசரமாகத் தொடங்கி, வருகைப் பதிவேடு நிறைந்ததும் முடித்துவிடுவார்கள். தேர்வு ஜூனில் வரும், வகுப்பு ஏப்ரலில் இருக்காது. இன்னொன்று, எல்லாத் துறை மாணவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து எல்லோருக்கும் பொதுவான முதல் தாளை மட்டும் நடத்துவார்கள். உங்கள் தமிழ்ப் பாடத்தாளை யாரும் தொட மாட்டார்கள். அதனால் சேரும்போதே இரண்டாம் தாளுக்கு யார் பாடம் எடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் இல்லை என்றால் முதல் தாளுக்கு மட்டும் போய் வாருங்கள், இலவசம்தானே.

இப்போது நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய ஓபிசி சான்றிதழ் விஷயம். கோச்சிங்கைவிட அதுதான் உங்கள் தலையாய பிரச்சினை.

நெட் எழுதப் பொதுப் பிரிவினர் முதுகலையில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். 54.9-ஐ 55 ஆக்கிக்கொள்ள முடியாது. எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயரில் வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவர் ஆகியோருக்கு 50 போதும். சிறுபான்மையினர் என்பதற்காக மட்டும் நெட்டில் ஒரு மதிப்பெண் தளர்வும் கிடையாது. உங்கள் 52 செல்லுபடியாவது ஓபிசி என்ற ஒரே காரணத்தால்தான். அந்தச் சான்றிதழ் இல்லாமல் 42,000 கட்டி எந்த மையத்தில் படித்தாலும் பயனில்லை. கொடுமை என்னவென்றால், விண்ணப்பிக்கும்போது யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள். இணையதளம் நீங்கள் போட்டதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். தேர்வு எழுதலாம், தேறலாம். பிறகு வேலைக்கு நேர்காணல் நடத்தும் கல்லூரியில் சான்றிதழ் சரிபார்க்கும்போதுதான் கதவு மூடும்.

தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழில் உங்களுக்கு ‘பி.சி. முஸ்லிம்’ என்று இருக்கும். மாநில வேலைக்கு அது போதும். நெட்டுக்கு ஒன்றிய அரசின் ஓபிசி பட்டியல்படியான, கிரீமி லேயரில் வரவில்லை என்று சொல்லும் தனிச் சான்றிதழ் வேண்டும். லப்பை அந்தப் பட்டியலில் உண்டு. மாநிலப் பட்டியலில் இருந்து ஒன்றியப் பட்டியலில் இல்லாத சமூகத்தவர் நெட்டில் பொதுப் பிரிவாகத்தான் விண்ணப்பிக்க முடியும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க 60 ரூபாய் சேவைக் கட்டணம். அதற்கு 2,000 கேட்கும் ஆளும் தாலுகா அலுவலக வாசலிலேயே நிற்பார்.

அப்பாவின் சம்பளம் 9 லட்சம், வரம்பு 8 லட்சம், ஆகவே கிடைக்காது என்று உங்களிடம் சொன்னவருக்கு விதி தெரியவில்லை. இதை மெதுவாகப் படியுங்கள், தேவைப்பட்டால் இந்தப் பகுதியை அப்படியே அச்செடுத்துக் கொண்டுபோங்கள். 8 லட்ச வரம்பு 2017-லிருந்து இருப்பது சரி. ஆனால் அந்த வருமானக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் சேராது, விவசாய வருமானமும் சேராது. ஒன்றியப் பணியாளர் துறையின் 1993 செப்டம்பர் 8 குறிப்பாணையில் இது இருக்கிறது. 2004 அக்டோபர் 14 விளக்கத்தில் இன்னும் தெளிவாக இருக்கிறது. வாடகை, வட்டி, வியாபாரம் போன்ற மற்ற வருமானம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் 8 லட்சத்தைத் தாண்டினால்தான் சிக்கல். அரசு ஊழியரின் பிள்ளைகளுக்குப் பார்ப்பது சம்பளத் தொகையை அல்ல, பதவியின் தரத்தை. பெற்றோரில் ஒருவர் நேரடியாக மிக உயர்ந்த தரமான குரூப் ஏ பணியில் சேர்ந்தவர் என்றால் கிரீமி லேயர். இருவருமே அடுத்த தரமான குரூப் பி என்றால் கிரீமி லேயர். ஒருவர் மட்டும் குரூப் பி, மற்றவர் வேலையில் இல்லை என்றால் கிரீமி லேயர் அல்ல; அந்த ஒருவர் 40 வயதுக்குள் குரூப் ஏ-வுக்கு உயர்ந்திருந்தால் மட்டும் மாறும். உங்கள் அப்பா பட்டதாரி ஆசிரியர், அம்மா வேலைக்குப் போகவில்லை. அப்பாவின் சம்பளம் 9 லட்சம் அல்ல, 12 லட்சம் ஆனாலும் அதனால் மட்டும் நீங்கள் கிரீமி லேயர் ஆக மாட்டீர்கள். உங்களுக்குத் திருமணம் ஆகியிருந்தாலும் கணவரின் வருமானத்தைப் பார்க்கக் கூடாது. பார்க்க வேண்டியது பெற்றோரின் நிலையைத்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அப்பா எந்தப் பதவியில் சேர்ந்தார், எந்தத் தேதியில், இப்போது என்ன பதவி, எந்தக் குரூப் என்று தலைமை ஆசிரியரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். கூடவே ஊதியச் சீட்டு, உங்கள் சாதிச் சான்று, அந்த இரண்டு குறிப்பாணைகளின் நகல். எல்லாவற்றையும் இணைத்து விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலர் ‘வருமானம் அதிகம்’ என்று எழுதி அனுப்பினால் வாசலில் நின்று வாதாட வேண்டாம். நிராகரித்த காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். முப்பது ஆண்டுக்கு மேலான விதி இது. அதை மாணவர் போய் அதிகாரிக்குப் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது! நெட் அறிவிப்பு வந்த பிறகு இந்த ஓட்டத்தைத் தொடங்கினால் நேரம் போதாது. அறிவிப்புக்கு இரண்டு மாதம் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கட்டித்தான் படிப்பது என்று முடிவெடுத்தால், மையத்தின் ரிசல்ட் விளம்பரத்தை நம்புவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். 2024 ஜூன் தேர்விலிருந்து நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது. ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகையோடு உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி. சேர்க்கை, வெறும் பிஎச்.டி. சேர்க்கை. மூன்றாவதில் தேறியவர் கல்லூரி ஆசிரியர் வேலைக்குத் தகுதி பெறவில்லை. அந்த மதிப்பெண்ணை வைத்து ஓராண்டுக்குள் பிஎச்.டி.யில் சேர முயலலாம், அவ்வளவுதான். ஆனால் பேனரில் மூன்று வகையினர் படமும் ‘நெட் பாஸ்’ என்றே இருக்கும். உதவிப் பேராசிரியர் தகுதி பெற்றவர்கள் எத்தனை பேர், அதில் தமிழ்ப் பாடத்தில் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கொடுக்காதீர்கள். கோச்சிங் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அதனால் சொல்லும் தொகை வரியோடு சேர்த்தா, தனியா என்று கேட்டு ஜிஎஸ்டி எண் உள்ள ரசீது வாங்குங்கள். ரசீது தராத மையத்தோடு பிறகு சண்டை போட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. அசல் சான்றிதழை எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தை 10 நாளுக்குள் தர வேண்டும் என்று ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் 2024 ஜனவரி வழிகாட்டுதல் சொல்கிறது. மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

உங்கள் நிலையில் பணத்தைவிட நேரத்தை எங்கே போடுவது என்பதுதான் முக்கியம். தேர்வு 3 மணி நேரம், 300 மதிப்பெண். முதல் தாள் 50 கேள்வி, 100 மதிப்பெண். பாடத்தாள் 100 கேள்வி, 200 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஒரு கேள்வியையும் விடாமல் எழுதுங்கள். தமிழ்ப் பாடத்தாள் தமிழில் இருக்கும். முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். தமிழ் வழி கோச்சிங்கில் எல்லாம் புரிந்தது போலிருக்கும், தேர்வு அறையில் ஆங்கில வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் தேசியத் தேர்வு முகமையின் தளத்தில் இலவசம். முதல் தாளின் பத்து அலகுகளில் புள்ளிவிவரம் படித்தல், தர்க்கம், கணிதம் மூன்றும் பயிற்சியால் வருபவை. அவற்றை ஆங்கிலத்திலேயே தினமும் போட்டுப் பாருங்கள். பாடத்தாளுக்கு யுஜிசி பாடத்திட்டத்தை அலகு அலகாகப் பிரித்து உங்கள் எம்.ஏ. புத்தகங்களையே மறுபடி எடுங்கள். முதுகலைப் பாடங்கள் உள்ள இ-பிஜி பாடசாலை தளமும் இலவசம்தான்.

ஓபிசிக்கு 35 சதவீதம் எடுத்தால் பாஸ் என்பதையும் நம்பாதீர்கள். 300-க்கு 105 எடுத்தால் பரிசீலனைக்குள் வருவீர்கள். எழுதியவர்களில் 6 சதவீதத்தினரைத்தான் தகுதி பெற்றவர்களாக அறிவிக்கிறார்கள், ஆகவே உண்மையான கட் ஆஃப் அதற்கு மேலேதான் நிற்கும். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை, ஜூனில் தவறினால் டிசம்பர் இருக்கிறது. தமிழ்நாட்டுச் செட் அறிவிப்பு வந்தால் அதையும் எழுதுங்கள். அது தமிழ்நாட்டுக்குள் மட்டுமே செல்லும், உங்களுக்கு அது குறையாக இருக்காது என்று நினைக்கிறேன். விண்ணப்பக் கட்டணத்தைத் தளத்தில் நீங்களே கட்டுங்கள். தரகர் வழியாகக் கட்டினால் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவர் பெயரில் போய்விடும், பிறகு நுழைவுச்சீட்டுக்கும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.