கை தானாக வருமா?

கேள்வி: சுவாமிமலையில் ஒரு சிலைப் பட்டறையில் ஒன்றரை வருடமாக வேலை பழகுகிறேன். இன்னும் மண் குழைப்பதும், வார்த்த சிலைக்கு அரம் போடுவதும்தான் என் வேலை. சிலையின் உருவத்தை முதலில் மெழுகில்தான் பிடிப்பார்கள், அந்த மெழுகைத் தொடவிடவில்லை. கேட்டால், "பொறுமையா இரு தம்பி, கை தானா வரும்" என்கிறார் ஸ்தபதி. கூடப் படித்தவர்கள் திருப்பூரில் சம்பாதிக்கிறார்கள். அம்மாவும் கேட்கத் தொடங்கிவிட்டார். காத்திருப்பதா, கிளம்புவதா?
- 22 வயது வாசகர், கும்பகோணம் அருகிலிருந்து

பதில்: தம்பி, உங்கள் ஸ்தபதி சொன்னதில் பாதி சரி. பொறுமை வேண்டும். ஆனால் கை தானாக வராது.

மெழுகு உருவத்தின்மேல் முதலில் பூசும் காவிரி வண்டலை நீங்களே குழைத்திருப்பீர்கள். நைசான அந்த மண்தான் நகக்கண் வரை பதிந்துகொள்கிறது. அப்புறம் களிமண் பூச்சுகள். ஒவ்வொன்றும் நிழலில் காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். மெழுகை உருக்கி வெளியேற்றிய அச்சுக்குள் ஈரம் இருக்கும்போது உலோகத்தை ஊற்றினால் அச்சே உடையலாம். ஐப்பசி மழையில் யார் என்ன செய்தாலும் மண் காயும்போதுதான் காயும். அங்கே காத்திருக்கத்தான் வேண்டும்.

மெழுகு வேலை வேறு. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குப் பத்து வருடமானாலும் அது வராது. நல்லவேளை, மூக்கு கோணிப்போனால் மெழுகை உருக்கி மறுபடி பிடிக்கலாம். கழிவு மெழுகில் ஒரு உருண்டை கேட்டு வாங்குங்கள். வீட்டில் தினமும் ஒரே ஒரு கை செய்யுங்கள். முழுச் சிலை இப்போது வேண்டாம், 'அஞ்சாதே' என்று காட்டும் அபய ஹஸ்தம் மட்டும் போதும். விரல்கள் குச்சி மாதிரி நிற்கின்றனவா, லேசாக வளைந்து உயிரோடு இருக்கின்றனவா என்று பக்கவாட்டில் பாருங்கள். செய்ததை உடனே உருக்காமல் வாரக் கடைசியில் வரிசையாக வையுங்கள். அதில் மோசமானதை எடுத்துக்கொண்டு போய், "அண்ணே, இந்தக் கட்டைவிரல்ல எங்க தப்பு?" என்று ஸ்தபதியிடம் கேளுங்கள். "எப்போ கத்துக் கொடுப்பீங்க?" என்றால் எந்த ஆசானும் பொறுமையாக இருக்கத்தான் சொல்வார். தப்பான கட்டைவிரலைப் பார்த்தால் திருத்தாமல் இருக்க அவருக்கு மனசு வராது.

தென்னை ஓலையை மடித்து அளவு பிரிக்கவும் பழகுங்கள். நவதாலம் என்ற சிலை அளவு முறையில் மொத்த உயரம் 108 அங்குலம், முகம் 12. இந்த அங்குலம் ஸ்கேலில் இருக்கும் இன்ச் இல்லை, சிலையின் உயரத்தையே பிரித்து எடுப்பது. இதற்கு யார் அனுமதியும் வேண்டாம். ஓலைக்கா நம் ஊரில் பஞ்சம்?

அரம் போட்டதும் வீண் போகவில்லை. தாடை எங்கே திரும்புகிறது, தோள் எங்கே இறங்குகிறது என்பதெல்லாம் இதற்குள் உங்கள் விரலுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு லீவு நாளில் தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடத்துக்குப் போய்வாருங்கள். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகன தேவர், அதாவது காளைமேல் சாய்ந்து நிற்கும் சிவன், அங்கே இருக்கிறார். 1011-ஆம் ஆண்டுச் சிலை. அவர் சாய்ந்திருந்த காளை இப்போது இல்லை. ஆனாலும் கை எதன்மேலோ சாய்ந்தபடியே இருக்கிறது, பார்க்கிற நமக்குக் காளை இருப்பது போலவே தோன்றுகிறது. உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, இடுப்பு எந்தப் பக்கம் ஒடிகிறது என்று நின்று நிதானமாகப் பார்த்து நோட்டில் வரையுங்கள். அந்த ஒரு சிலைக்கே அரை நாள் போதாது.

இப்படி ஆறு மாதம் செய்யுங்கள். அப்போதும் மெழுகு கைக்கு வரவில்லை என்றால், சொல்லிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போங்கள். அதில் துரோகம் எதுவும் இல்லை. சுவாமிமலையில் பட்டறைகளுக்குக் குறைவும் இல்லை. போகிற இடத்தில் நீங்கள் செய்த மெழுகுக் கைகளையே காட்டலாம். முறையாகப் படிக்க ஆசை இருந்தால், மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கலைக் கல்லூரி இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள்.

அம்மாவிடம் இந்த ஆறு மாதக் கணக்கை இன்றே சொல்லிவிடுங்கள். எத்தனை நாளைக்கு என்று தெரியாமல் இருப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருக்கும். சம்பளத்தைப் பற்றி ஸ்தபதியிடம் தனியாகப் பேசுங்கள். அரம் வேலை தெரிந்த ஆள் கூலி கேட்பதில் தப்பே இல்லை.