கண்ணுக்குத் தெரியும் மின்பழுதும் தெரியாத மின்பழுதும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒன்றரை டன் ஏசியின் பிளக்கில் ஒரு முனையைச் சுற்றி மட்டும் பழுப்பேறியிருக்கிறது. எம்.சி.பி. (மின்னோட்டம் அளவை மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச்) ஒருமுறைகூட விழவில்லை. பிளக்கை மட்டும் மாற்றினால் போதுமா? (வேளச்சேரி)

பதில்: போதாது. பழுப்பு தெரிவது பிளக்கில் என்றாலும், பழுது பெரும்பாலும் சாக்கெட்டுக்குள் இருக்கும். முனையைக் கவ்விப் பிடிக்க வேண்டிய பித்தளைத் தகடோ, வயரை இறுக்கும் திருகோ தளர்ந்துவிட்டால், அந்தச் சிறு இடத்தில் மின்தடை கூடி வெப்பம் உண்டாகிறது; அந்த வெப்பமே தகட்டை மேலும் தளர்த்துகிறது. மின்னோட்டம் அளவை மீறாததால் எம்.சி.பி. இதை உணராது. அது விழவில்லை என்பதைப் பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்ள வேண்டாம். மெயினை நிறுத்திவிட்டு, பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். கருகி விறைத்த வயர் நுனியை, பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும். அதுவரை ஏசியை இயக்காதீர்கள்.

கேள்வி: பழைய வீடு ஒன்றை வாங்கவிருக்கிறோம். எல்லா சாக்கெட்டிலும் பச்சை வயர் இருக்கிறது. எர்த் சரியாக இருப்பதாகக் கொள்ளலாமா? (திருவல்லிக்கேணி)

பதில்: வயர் இருக்கிறது என்பதைக் கண் சொல்லும், அது மண்ணைச் சென்று சேர்கிறதா என்பதைச் சொல்லாது. உங்கள் பகுதியிலேயே நான் ஆய்வு செய்த ஒரு வீட்டில், எல்லா போர்டுகளிலிருந்தும் வந்த பச்சை வயர்கள் மீட்டருக்குப் பின்னால் நேர்த்தியாகச் சுருட்டப்பட்டு, எதனுடனும் இணைக்கப்படாமல் கிடந்தன. அந்த நிலையில்தான் ஒரு குடும்பம் பல ஆண்டுகள் கீசரைப் பயன்படுத்தியிருக்கிறது என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. எர்த் குழியைக் காட்டச் சொல்லி, அதன் இணைப்பு துருவேறி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு அளந்து பார்த்துவிடுங்கள். மின்கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதன் டெஸ்ட் பொத்தானையும் அழுத்திப் பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் பொத்தான் சோதிப்பது அக்கருவியை மட்டுமே, எர்த்தை அன்று.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கிய தரைத்தள சாக்கெட்டுகள் இப்போதும் வேலை செய்கின்றன. அப்படியே விடலாமா? (முடிச்சூர்)

பதில்: விடக் கூடாது. நீர் வடிந்தாலும் சேற்றுப் படிவு உள்ளே தங்கி, ஈரக்காற்றில் கசிவுக்கு வழி செய்யும். மூழ்கிய சாக்கெட், ஸ்விட்ச், எம்.சி.பி. ஆகியவற்றை மாற்றிவிட்டு, வயர்களின் காப்புறையை 500 வோல்ட் மெக்கரால் (காப்புறையின் மின்தடையை அளக்கும் கருவி) சோதிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தெருவில் மின்வாரியப் பில்லர் பாக்ஸின் கதவு திறந்தே கிடக்கிறது. நாங்களே கயிற்றால் கட்டிவிடலாமா? (பெரம்பூர்)

பதில்: அருகில் செல்லவே வேண்டாம். குழந்தைகளையும் விலக்கி வைத்து, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் புகார் அளியுங்கள். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணைத் தொலைவிலிருந்தே படிக்க முடிந்தால் அதையும் சொல்லுங்கள்.