அண்ணனின் லென்ஸுக்கு உங்கள் கார்டில் தவணை எதற்கு?

கேள்வி: வேலைக்குப் போகும் வழியில், வீட்டில், குழந்தையோடு என்று அன்றாட வாழ்க்கையைப் படமெடுப்பதில் எனக்கு ஆர்வம். அதற்காகக் கையடக்கமான மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாத வகை) வாங்க நினைக்கிறேன். ஏற்கெனவே 24 மாதத் தவணையில் வாங்கிய, படத்தைப் பதியும் பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவும் 24-70 மிமீ ஜூம் லென்ஸும் பெரியப்பா மகனிடம் இருக்கின்றன. அவர் விழாக்களுக்குப் படமெடுத்துக் கொடுக்கிறார். பாதித் தவணை தருவதாகச் சொன்னதால் என் கிரெடிட் கார்டில் வாங்கினோம். சில மாதங்களுக்குப் பிறகு அவர் தரவில்லை. இன்னும் 9 தவணை பாக்கி. இப்போது அதே நிறுவனத்தின் சிறிய ஃபுல் ஃபிரேம் பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா) 70-200 மிமீ லென்ஸும் வாங்கினால் லென்ஸ்களைப் பகிர்ந்துகொள்ளலாம் என்கிறார். வட்டியில்லாத் தவணை, 18 மாதம். எனக்கோ ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100விஐ என்ற கேமரா மேல் ஆசை. அதன் விலை இறங்காது, முதலீடு மாதிரி என்கிறார்கள். சம்பளத்தில் 78 விழுக்காடு வீட்டுச் செலவு, 14 பழைய தவணை. புதியது 11 வரும். சேமிப்பு நின்றுவிட்டது. எதை வாங்குவது?

பதில்: முதலில் உங்கள் எண்களையே கூட்டிப் பாருங்கள். 78, 14, 11. மொத்தம் 103. மாதச் சம்பளமோ 100 பங்கு என்று வையுங்கள். குறையும் அந்த 3 பங்கு மாதாமாதம் கார்டிலேயே ஏறும். அதற்கு முழு வட்டி உண்டு. பழைய தவணை முடியும் 9 மாதத்துக்குள் 27 பங்கு பள்ளம், அதன்மேல் வட்டி. இதில் குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் ஆகும் செலவைக்கூட நான் சேர்க்கவில்லை. வட்டியில்லாத் தவணை என்று சொல்லப்படுவதிலும் செயலாக்கக் கட்டணம், ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடி எல்லாம் அடங்கியிருக்கும். ரொக்க விலையைக் கேட்காமல் எந்தத் தவணைக்கும் கையெழுத்திடாதீர்கள்.

ஆனால் உங்களைக் கெடுப்பது கேமரா ஆசை அல்ல. இன்னொருவர் தொழிலுக்கான கருவியை உங்கள் பெயரில் கடன் வாங்கிக் கொடுக்கும் பழக்கம்தான். வருமானம் அண்ணனுக்கு, தவணை உங்களுக்கு. ஒரு மாதம் தவறினால் கடன் மதிப்பெண் குறைவதும் உங்களுக்கே. அன்றாடப் படத்துக்கு 70-200 வேண்டும் என்று கடிதத்தில் எங்கும் நீங்கள் சொல்லவில்லை. மேடையை மண்டபத்தின் கடைசியிலிருந்து எடுப்பவருக்குத் தேவையான லென்ஸ் அது. லென்ஸ் பகிர்வு என்ற பெயரில் அவருடைய அடுத்த கருவியையும் நீங்கள் வாங்கப்போகிறீர்கள்.

அண்ணனிடம் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். பாக்கி 9 தவணை, மாதம் 14 வீதம் 126 பங்கு. இதை அவர் தன் பெயரில் கடன் வாங்கியோ கையிருப்பிலிருந்தோ கட்டிவிட்டுக் கருவிகளை எடுத்துக்கொள்ளட்டும். தொழில் நடக்கிறது என்றால் இது அவரால் முடியும். ஒரு மாதம் பொறுங்கள். முடியாது என்றால் கேமராவையும் லென்ஸையும் அவரிடமிருந்து திரும்பப் பெற்று விற்றுவிடுங்கள். மொத்தத் தவணை 24 மாதத்துக்கு 336 பங்கு. அதில் பாதிக்குத்தான் போகிறது என்று வைத்தாலும் 168 கிடைக்கும். பாக்கி 126, முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் தோராயமாக 6 போக, 36 மிஞ்சும். மாதம் 14 பங்கும் விடுபடும். பெரியப்பா வீட்டில் முகம் சுருங்கும், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது முறையாக அவருக்காகக் கார்டை நீட்டும் நிலை வந்தால் உறவு இன்னும் மோசமாகத்தான் முறியும்.

இனி கேமரா. அண்ணனின் லென்ஸ் மவுண்ட் (லென்ஸைப் பாடியில் பொருத்தும் அமைப்பு) என்ற கட்டு அவிழ்ந்துவிட்டால் தேர்வு எளிது. ஃபுல் ஃபிரேம் பாடியைச் சிறிதாகச் செய்யலாம். ஆனால் 36 × 24 மில்லிமீட்டர் சென்சாருக்கு ஒளியை நிரப்பும் லென்ஸை அதே அளவுக்குச் சுருக்க முடியாது. 24-70 எஃப்2.8 (எஃப் எண் குறையக் குறைய அதிக ஒளி உள்ளே வரும்) லென்ஸ் மட்டுமே ஏறத்தாழ 700 முதல் 900 கிராம். அதைத் தினமும் யார் சுமப்பார்கள்? இதைவிடச் சிறிய சென்சார் வகைகளான ஏபிஎஸ்-சி அல்லது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஏபிஎஸ்-சியில் 35 மிமீ லென்ஸ் ஃபுல் ஃபிரேமின் 50 மிமீக்குக் கிட்டத்தட்டச் சமமான பார்வைக்கோணம் தரும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 25 மிமீ அதே வேலையைச் செய்யும். இந்த வகை எஃப்1.8 லென்ஸ்கள் பல 200 கிராமுக்குள் இருக்கின்றன.

பாடியோடு வரும் 16-50 எஃப்3.5-5.6 ஜூம் பகலில் போதும். மாலையில் வீட்டுக்குள் ஓடும் குழந்தைக்குப் போதாது. எஃப்5.6-ஐ விட எஃப்1.8 ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. பாடியில் உள்ள நடுக்கத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். குழந்தையின் அசைவை நிறுத்தாது. அதற்கு வேகமான ஷட்டர் வேண்டும், ஷட்டருக்கு ஒளி வேண்டும். ஆகவே பாடியில் மிச்சம் பிடியுங்கள், லென்ஸில் பிடிக்காதீர்கள். ஓரிரு தலைமுறைக்கு முந்தைய பாடியும் 24 மெகாபிக்சல் தரும். 4கே திரைக்குத் தேவையானது 8.3 மெகாபிக்சல்தான்.

எக்ஸ்100விஐ நல்ல கேமரா. 2024-இல் வந்தது, 40 மெகாபிக்சல், கழற்ற முடியாத 23 மிமீ எஃப்2 லென்ஸ். முதலீடு என்ற பேச்சுத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. முந்தைய எக்ஸ்100வி பழைய நிலையிலேயே புதிய விலையைவிடக் கூடுதலாக விற்ற காலம் இருந்தது உண்மை. தட்டுப்பாடும் சமூக ஊடக மோகமும் சேர்ந்து செய்த வேலை அது. மின்னணுப் பொருளின் விலையை மோகம் எத்தனை நாள் தாங்கும்? 23 மிமீ பார்வை உங்களுக்கு ஒத்துவருமா என்பதும் இன்னும் தெரியாது. உங்கள் பழைய படக் கோப்புகளில் குவியத் தூரம் (லென்ஸின் மிமீ எண்) பதிவாகியிருக்கும். பிடித்த படங்களில் எந்த எண் அதிகம் வருகிறது என்று பாருங்கள். லென்ஸை அதன்படி முடிவுசெய்யுங்கள்.

விடுபடும் 14-இல் 7 சேமிப்புக்கு, 7 கேமராவுக்கு. 6 மாதத்தில் 42, கையிலுள்ள 36 சேர்த்து 78. அண்ணன் சொன்ன தொகுப்பு 198 பங்கு; நல்ல நிலையிலுள்ள பழைய ஏபிஎஸ்-சி பாடியும் ஒரு எஃப்1.8 லென்ஸும் அதில் மூன்றில் ஒன்றைச் சுற்றித்தான் வரும். மீதியில் ஒரு கூடுதல் பேட்டரி வாங்குங்கள். மிரர்லெஸ் பேட்டரியைச் சீக்கிரம் தின்னும். அண்ணனே கடனை அடைத்துக் கருவிகளை வைத்துக்கொண்டால் இந்த 36 இருக்காது. அப்போது காத்திருப்பு 6 மாதத்துக்குப் பதில் 10, 11 மாதமாகும். பழைய லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பூஞ்சை இழை தெரிகிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இரண்டாவது லென்ஸை அடுத்த ஆண்டு யோசிக்கலாம், அதுவும் ரொக்கத்தில்.