4கே டிஸ்க்குக்கு மாறலாமா? கேள்விகளும் என் பதில்களும்

4கே ப்ளூரே பற்றி ஆளாளுக்குக் கேட்டதையெல்லாம் ஒரே இடத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரே படத்தின் டிவிடி, ப்ளூரே, 4கே மூன்றையும் அடுத்தடுத்து ஓட்டி, ஒரு காட்சியில் நிறுத்தி மாறி மாறிப் பார்ப்பது என் பைத்தியம். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எந்தக் கம்பெனி டிவி, எந்த ஸ்பீக்கர் என்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். அது என் துறை இல்லை.

கே (டிவிடி அலமாரி): நூற்றுக்கணக்கில் டிவிடி வைத்திருக்கிறேன். ப்ளூரே பக்கமே போனதில்லை. நேரே 4கே-க்குத் தாவலாமா? பழையதெல்லாம் குப்பைதானா?

ப: தாவலாம். 4கே ப்ளேயர் ப்ளூரே, டிவிடி இரண்டையும் ஓட்டும். சாதா ப்ளூரே ப்ளேயர் 4கே டிஸ்க்கைத் தொடாது. அதனால் இன்று ப்ளேயர் வாங்குவதென்றால் 4கே ப்ளேயரே வாங்குங்கள்.

கணக்கு இது. டிவிடியில் ஒரு ஃபிரேமுக்கு அதிகபட்சம் 720க்கு 576, அதாவது சுமார் 4 லட்சம் புள்ளிகள். ப்ளூரேயில் 1920க்கு 1080, சுமார் 20 லட்சம். 4கே-யில் 3840க்கு 2160, சுமார் 83 லட்சம். முதல் தாவல் ஐந்து மடங்கு, இரண்டாவது நான்கு மடங்கு. கேட்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், கண்ணுக்கு அப்படி இல்லை. டிவிடியிலிருந்து ப்ளூரேக்குப் போனால் கண்ணாடி போடாதவருக்கும் தெரியும். ப்ளூரேயிலிருந்து 4கே-க்குப் போனால் சிலருக்குத்தான் தெரியும். ஏன் என்று அடுத்த கேள்வியில் வருகிறது.

பால் (PAL) முறை டிவிடி, அதாவது இந்தியா, ஐரோப்பா போன்ற இடங்களின் பழைய டிவி முறைக்குச் செய்த டிவிடி, வைத்திருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை அதில் 25-ல் ஓட்டுவார்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். சரிசெய்யாமல் விட்டிருந்தால் குரல்களும் கொஞ்சம் கீச்சென்று இருக்கும். ப்ளூரேயிலும் 4கே-யிலும் பெரும்பாலும் 24 ஃபிரேம்தான்.

குப்பையில் மட்டும் போடாதீர்கள். டிவிடியைத் தாண்டி வராத படங்கள் ஏராளம். திரும்பத் திரும்பப் பார்க்கிற பத்துப் படத்தை மட்டும் முதலில் மாற்றுங்கள்.

கே (சோபா): 55 அங்குல டிவி, மூன்று மீட்டர் தள்ளி உட்காருகிறேன். 4கே தெரியுமா?

ப: புள்ளிகளைப் பொறுத்தவரை தெரியாது. 55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 செ.மீ. அதை 1920 ஆக வகுத்தால் ஒரு புள்ளி 0.63 மி.மீ. நல்ல பார்வை உள்ளவரின் கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்கும். கணக்குப் போட்டால் சுமார் 2.2 மீட்டருக்கு அப்பால் ப்ளூரேயின் புள்ளிகளே பிரிந்து தெரியாது. அதற்கு மேல் 4கே-யின் கூடுதல் புள்ளிகளுக்கு வேலை இல்லை. மூன்று மீட்டரில் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கவே 77 அங்குலம் வேண்டும்.

ஆனால் 4கே டிஸ்க்கின் உண்மையான சரக்கு எச்டிஆர் (HDR), அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் கூடுதல் வீச்சு. அதற்குத் தூரம் கணக்கே இல்லை. சாதா ப்ளூரேயில் வெளிச்சத்தின் உச்சம் 100 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று வைத்துத்தான் வண்ணம் திருத்துவார்கள். 4கே டிஸ்க்குக்கு 1000 அல்லது 4000 நிட்ஸ் வரை வைத்துத் திருத்துகிறார்கள். ஒரு வண்ணத்துக்கு 256 படிகள் இருந்த இடத்தில் 1024 படிகள். நான் அடிக்கடி நிறுத்திப் பார்க்கும் ஒரு காட்சி இருக்கிறது. இரவு, மழை, தெருவிளக்குக்குக் கீழே ஒருவர் நிற்கிறார். ப்ளூரேயில் விளக்கு வெறும் வெள்ளைத் திட்டு. 4கே-யில் அந்தத் திட்டுக்குள் பல்பின் உருவம் தெரிகிறது, கண்ணாடி மூடியின் மஞ்சள் தெரிகிறது, ஈரமான கோட்டின் தோள்பட்டையில் அதே மஞ்சள் ஒரு கோடாக விழுகிறது. இதைக் கடைசி வரிசையில் இருப்பவரும் பார்க்கலாம்.

ஆனால் உங்கள் டிவியால் முடிய வேண்டும். மலிவான டிவிகள் பல எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், வெளிச்சமாகக் காட்டத்தான் திராணி இருக்காது. பெட்டியில் எச்டிஆர் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், உச்ச வெளிச்சம் எத்தனை நிட்ஸ் என்று பாருங்கள்.

அப்புறம், எந்த டிஸ்க்காக இருந்தாலும் முதல் வேலையாக டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை (டிவி தானாக இடை ஃபிரேம்களைச் செருகி அசைவை வழவழப்பாக்கும் வசதி) அணையுங்கள், ஷார்ப்னெஸ்ஸை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். சில டிவியில் நடுநிலை பூஜ்யம், சிலதில் 50. கையேட்டைப் பாருங்கள்.

கே: என் டிவி 1080தான். 4கே டிஸ்க் வாங்கி வைக்கலாமா?

ப: வேண்டாம். எச்டிஆர் இல்லாத டிவிக்கு ப்ளேயர் படத்தை மாற்றித்தான் அனுப்பும். பல நேரம் அதைவிட ப்ளூரேயே நன்றாக இருக்கும்.

கே: ஓடிடியிலேயே 4கே வருகிறதே. டிஸ்க் எதற்கு?

ப: புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றுதான், தரவுதான் குறைவு. ஓடிடியில் 4கே பெரும்பாலும் விநாடிக்கு 15 முதல் 25 மெகாபிட் அளவில் வரும். 100 ஜிபி டிஸ்க்கில் 128 வரை போகலாம். பகல் வெளிச்சத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் காட்சியில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. புகை, மழை, நுரைக்கிற தண்ணீர், இருட்டு அறையின் சுவர், இதையெல்லாம் பாருங்கள். ஓடிடியில் சுவரில் நிழல் படிப்படியாகக் கட்டம் கட்டியதுபோல விழும். ஒலியிலும் அப்படித்தான். டிஸ்க்கில் இழப்பே இல்லாத ஒலித்தடம் கிடைக்கும், ஓடிடியில் வருவது பொதுவாகச் சுருக்கியது. ஒரு தடவை பார்த்து மறக்கப் போகிற படத்துக்கு ஓடிடி தாராளமாகப் போதும்.

கே: பெட்டியில் 4கே என்று போட்டிருந்தால் அது 4கே-தானே?

ப: இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். டிஸ்க் 4கே-தான். அதற்குள் வைத்தது என்ன என்பதே கேள்வி. 2000-க்குப் பிறகு பல வருடங்கள், ஏராளமான படங்களின் இறுதி மாஸ்டரை, அதாவது மற்ற எல்லாப் பிரதிக்கும் மூலமான பிரதியை, 2கே-யில்தான் முடித்தார்கள். அகலம் 2048 புள்ளி, ப்ளூரேயைவிட ஒரு விரல் அதிகம், அவ்வளவுதான். அதை இழுத்துப் பெரிதாக்கி 4கே டிஸ்க்கில் வைக்கிறார்கள். எச்டிஆர் லாபம் கிடைக்கும், நுணுக்கம் பெரிதாகக் கூடாது. 1970-களில் 35 மி.மீ. பிலிமில் எடுத்த படத்தின் மூல நெகட்டிவ் பத்திரமாக இருந்து, அதைப் புதிதாக 4கே-யில் ஸ்கேன் செய்திருந்தால், அந்தக் கிழட்டுப் படம் 2005-ல் வந்த பிரம்மாண்டத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். வாங்கும் முன் மாஸ்டர் எது, எந்த வருட ஸ்கேன் என்று தேடிப் பாருங்கள்.

கே (சுத்தமான படம் வேண்டும்): பழைய படம் ஒன்றை 4கே-யில் வாங்கினேன். திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது. என் ப்ளூரே இதைவிடச் சுத்தம். ஏமாற்றிவிட்டார்களா?

ப: இல்லை. நீங்கள் பார்ப்பது கிரெய்ன். பிலிமில் படம் பதிவதே ஒளிபட்டு மாறும் வெள்ளி உப்புத் துகள்களால்தான். வண்ண பிலிமில், கழுவும்போது வெள்ளி போய் அந்த இடத்தில் சாயத் திட்டு நிற்கும். ஒவ்வொரு ஃபிரேமிலும் அவை வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஊர்வதுபோலத் தெரிகிறது. அது படத்தின் மேல் விழுந்த தூசி இல்லை, படமே அதனால் ஆனது. உங்கள் ப்ளூரேயில் அதை வழித்து எடுத்திருப்பார்கள்.

ஷார்ப்னெஸ்ஸை எவ்வளவில் வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். அது கிரெய்னின் ஓரத்தைத் தீட்டி எறும்பைக் கட்டெறும்பாக்கிவிடும்.

கே (வேறொருவர்): அவர் சொல்வதில் என்ன தப்பு? இப்போது மென்பொருளே துகளை நீக்கிவிடுகிறதே. நீக்கினால் என்ன குறைந்துவிடும்?

ப: முகம் குறைந்துவிடும். மென்பொருள் பக்கத்து ஃபிரேம்களை ஒப்பிட்டு, மாறுவதெல்லாம் துகள், மாறாததெல்லாம் படம் என்று முடிவுகட்டும். ஆனால் கன்னத்தில் இருக்கும் நுண்துளை, ஸ்வெட்டரின் இழை, தாடியின் ஒற்றை முடி எல்லாம் அந்தத் துகளின் அளவில்தான் பதிந்திருக்கின்றன. வழித்தால் சேர்ந்தே போகும். மிஞ்சுவது மெழுகு பொம்மை. புதிய கருவிகள் இன்னும் மோசம், போன இடத்தில் தாங்களாகவே எதையாவது வரைகின்றன. பின்னணியில் நிற்கும் ஒரு துணை நடிகரின் காது கன்னத்தோடு ஒட்டிப்போனதை நானே ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. துகள் என்பது தற்செயல், தற்செயலைச் சுருக்கிப் பதிவது மிகக் கடினம். தரவு குறைவாக இருக்கும் ஓடிடியில் முதலில் பலியாவது அதுதான். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு டிஸ்க் அழுக்காகத் தெரிகிறது.

கே (மூன்றாமவர்): இயக்குநரே நீக்கச் சொன்னால்? அவர் படம்தானே? நீங்கள் யார் தடுக்க?

ப: நல்ல அடி. அப்படிச் சொன்ன இயக்குநர்கள் இருக்கிறார்கள், டிஸ்க்குகளும் வந்திருக்கின்றன. அவர் படம் அவர் இஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நாளில் தியேட்டரில் ஓடியதும் ஒரு படம்தான். ஒளிப்பதிவாளர் இந்த பிலிம், இந்த வேகம் என்று தேர்ந்தெடுத்ததும் ஒரு முடிவுதான். புதியது வரட்டும், பழையதையும் கூடவே கொடுங்கள் என்கிறேன். பழையது அச்சிலிருந்து போய்விடுகிறது என்பதுதான் என் சண்டை.

கே (மறுபடி, சுத்தமான படம் வேண்டும்): சரி, டிஜிட்டல் கேமராவில் எடுத்த புதுப்படத்திலும் அதே புள்ளி இருக்கிறதே. அங்கே எந்த வெள்ளி உப்பு?

ப: மாட்டிவிட்டீர்கள். பலர் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள், பிலிம் தோற்றத்துக்காக. அதையும் வழித்துவிடலாமா என்று அடுத்து கேட்காதீர்கள். சேர்த்தவர் யோசித்துத்தான் சேர்த்திருப்பார். இந்த விஷயத்தில் இன்னும் பதினோரு கடிதம் இருக்கிறது. நிறுத்துகிறேன்.

கே: படம் இருட்டாக, வெளுத்துப்போய் இருக்கிறது. ப்ளேயர் கெட்டுப்போச்சா?

ப: பெரும்பாலும் டிவி மெனு. டிவியின் எச்டிஎம்ஐ வாசலை முழு வேகத்துக்குத் திறந்துவிட ஒரு அமைப்பு இருக்கும், ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. பல டிவியில் அது அணைந்தே வரும். முதல் 4கே ப்ளேயரை வாங்கி இரண்டு சாயங்காலம் நானும் திட்டிக்கொண்டிருந்தேன். கேபிள் மாற்றினேன், டிஸ்க்கைக் கடையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். கடைசியில் ஒரு மெனுவுக்குள் மூன்றாவது அடுக்கில் அந்த ஒரு சுவிட்ச். போட்டதும் திரை ஒரு விநாடி கறுத்து மீண்டது, மூலையில் எச்டிஆர் என்று வந்தது.

ப்ளேயருக்கும் டிவிக்கும் நடுவில் ஸ்பீக்கர்களுக்கான ரிசீவர் வைத்திருந்தால் அதுவும் எச்டிசிபி 2.2 (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு) தெரிந்ததாக இருக்க வேண்டும்.

கே: கேம் கன்சோல் போதுமா?

ப: டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் ஓட்டும். டிஸ்க்கில் உள்ள டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகை இரண்டிலும் வராது. பிஎஸ் 4 ப்ரோ பெயரில் ப்ரோ, 4கே டிஸ்க் ஓட்டாது.

கே: டால்பி விஷன் அவசியமா?

ப: இருந்தால் நல்லது. எல்லா 4கே எச்டிஆர் டிஸ்க்கிலும் எச்டிஆர் 10 அடிப்படையாக உண்டு. டால்பி விஷன் காட்சிக்குக் காட்சி வெளிச்சக் குறிப்பு சொல்லும். டிவியின் வெளிச்சம் குறையக் குறையத்தான் அந்தக் குறிப்பின் அருமை தெரியும்.

கே: ப்ளூரே வைத்திருக்கிறேன். 4கே-க்கு மாறலாமா?

ப: சோபாக்காரர் பதிலைப் படியுங்கள்.

கே: 65 அங்குலம், இரண்டரை மீட்டர். மாறலாமா?

ப: அதே பதில், எண்ணை மாற்றிப் போடுங்கள். 65-க்கு எல்லை சுமார் 2.6 மீட்டர். விளிம்பில் இருக்கிறீர்கள். சோபாவை ஒரு முழம் முன்னே தள்ளுங்கள்.

கே: 43 அங்குலம், மூன்றரை மீட்டர்...

ப: ஐயா.

கே: 3டி டிஸ்க் 4கே-யில் வருமா?

ப: வராது. அந்தத் தரத்தில் 3டி-யே இல்லை.

கே: புது டிஸ்க் ஒரு மணி நேரம் ஓடி, ஒரே இடத்தில் உறைகிறது.

ப: மூன்றடுக்கு டிஸ்க்கில் இது நடக்கும். ப்ளூரே வகை டிஸ்க்கில் தரவு அடுக்கு பரப்பிலிருந்து வெறும் 0.1 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது, டிவிடியில் 0.6. விரல்ரேகையே போதும், லேசர் தடுமாறும். மென்மையான துணியால் நடுவிலிருந்து வெளியே நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். அப்புறமும் உறைந்தால் மாற்றிக் கேளுங்கள். வாங்கிய டிஸ்க்கை ஆறு மாதம் கழித்துப் பிரிக்கும் பழக்கத்தை விடுங்கள், மாற்றித் தரும் காலம் முடிந்திருக்கும்.

கே: இந்த ஃபார்மட்டே செத்துப்போகிறதாமே? எச்டி டிவிடி கதி வராதா?

ப: அது வேறு கதை. 2006-ல் ப்ளூரே, எச்டி டிவிடி என்று இரண்டு ஃபார்மட் மோதின, 2008 பிப்ரவரியில் எச்டி டிவிடி பக்கம் நின்ற தோஷிபா கையைத் தூக்கியது, எச்டி டிவிடி வாங்கியவர்கள் தெருவில் நின்றார்கள். 2016-ல் வந்த 4கே ப்ளூரேக்கு எதிரி ஃபார்மட் இல்லை. ப்ளேயர் செய்கிறவர்கள் குறைகிறார்கள் என்பது உண்மை. 2018-ல் ஒப்போ டிஜிட்டல் விலகியது, 2019-ல் சாம்சங் அமெரிக்கச் சந்தைக்குப் புது ப்ளேயர் கிடையாது என்றது. டிஸ்க் அலமாரியில் இருக்கும், ஓட்டத்தான் கருவி வேண்டும். இருநூறு டிஸ்க் சேர்த்த பிறகு ஒரே ஒரு ப்ளேயரை நம்பிக்கொண்டிருக்காதீர்கள்.

கே (சுத்தமான படம் வேண்டும்): ஷார்ப்னெஸ் 80-ல் இருந்தது. இறக்கினேன். எறும்பு குறைந்துவிட்டது. ஆனாலும் இருக்கிறது.

ப: இருக்கட்டும். மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்தீர்களா?