பத்துப் பேர் சேரும்வரை

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் எங்கள் சபையில் மிஷனெரி ஞாயிறு. வெளிநாடு ஒன்றில் நெடுங்காலம் ஊழியம் செய்தவர் வந்து பேசினார். எத்தனை கிராமம், எத்தனை ஞானஸ்நானம், எத்தனை ஆலயம், இன்னும் எவ்வளவு பணம் தேவை என்று எல்லாக் கணக்கும் சொன்னார். அந்த மக்கள் எப்படிக் கூடுகிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், எதற்காக அவரோடு வாதிட்டார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, “காணிக்கைக்கு வந்தவரிடம் கதையா கேட்பார்கள்?” என்று என் கணவர் சிரித்தார். அந்நிய நாட்டுச் சபையின் அன்றாட வாழ்க்கையை எழுதிவைத்த மிஷனெரி யாராவது உண்டா? அவர் அடுத்த ஆண்டும் வருகிறார். அவரிடம் என்ன கேட்கலாம்?

ஒரு வாசகி,
பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மிஷனெரி அறிக்கை பணம் அனுப்புகிறவர்களுக்காகவே எழுதப்படுவது. கைவசம் எண்ணிக்கை இருப்பவர் எண்ணிக்கையைத்தான் முன்னால் வைப்பார். ஆகவே நீங்கள் கேட்பது கிடைக்க வேண்டுமானால், எண்ணிக்கை வாய்க்காத மிஷனெரியைத் தேடிப் போக வேண்டும். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் பர்மாவுக்குப் போன அமெரிக்கர் அடோனிராம் ஜட்சன்.

ஜட்சனும் அவர் மனைவி ஆனும் 1813 ஜூனில் நம் சென்னையில் கப்பல் ஏறி ஜூலையில் ரங்கூனில் இறங்கினார்கள். முதல் ஞானஸ்நானம் நடந்தது 1819 ஜூனில். நடுவில் ஆறு ஆண்டுகள். ஊருக்கு எழுத என்ன இருந்திருக்கும்? பர்மிய மொழி படித்ததை எழுதினார், அச்சகம் வந்ததை எழுதினார். உதவிக்கு ஆள் அழைத்துவரச் சிட்டகாங்குக்குக் கிளம்பிய கப்பல் காற்றில் திசைமாறி, கடைசியில் மசூலிப்பட்டினத்தில் ஒதுங்க நேர்ந்த கூத்தும் உண்டு. அங்கிருந்து தரைவழியாகச் சென்னைக்கு வந்து, திரும்பிப் போகக் கப்பல் கிடைக்காமல் மாதக்கணக்கில் இங்கே காத்துக் கிடந்தார். அவர் மீண்டும் ரங்கூன் போய்ச் சேர்ந்தது 1818 ஆகஸ்டில்.

அதன் பிறகுதான் அவர் சாயத் கட்டினார். சாயத் என்பது பர்மாவில் வழிப்போக்கர்கள் தங்கவும் பௌத்தர்கள் உபதேசம் கேட்கவும் பயன்படும் மண்டபம். நம்மூர்ச் சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆன் அதன் அளவைக்கூட எழுதிவைத்திருக்கிறார். நீளம் 27 அடி, அகலம் 18 அடி, தரையிலிருந்து நான்கு அடி உயரம். முன்பகுதி மூங்கிலும் ஓலையுமாக, கதவே இல்லாமல் சாலையைப் பார்த்துத் திறந்திருந்தது. பகோடாவுக்குப் போகிறவர்கள் நடக்கும் சாலை அது. ஜட்சன் நாள் முழுவதும் அங்கே உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டுப் பேசுவார். நடு அறை பலகையால் ஆனது, வெள்ளையடித்தது. ஞாயிறு ஆராதனை அங்கேதான். பின்பகுதி தோட்டத்துக்குப் போகும் நடை. 1819 ஏப்ரலில் நடந்த முதல் கூட்டத்தைப் பற்றி ஜட்சன் எழுதியது சுருக்கமானது: பிள்ளைகளைத் தவிரப் பதினைந்து பேர் வந்தார்கள், கவனமும் இல்லை, ஒழுங்கும் இல்லை. இப்படி ஒரு வரியை உங்கள் மிஷனெரி சொல்லியிருந்தால் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள்.

ஆள் குறைவாக இருந்ததால், வந்தவர்கள் ஒவ்வொருவரும் நாட்குறிப்பில் பெயரோடும் குணத்தோடும் வருகிறார்கள். முதலில் ஞானஸ்நானம் பெற்றவர் மௌங் நௌ. ஊருக்கு அருகே இருந்த குளத்தில் அது நடந்தது. கரையில் பெரிய புத்தர் சிலை இருந்தது. அடுத்து வந்த இருவர், அதிகாரிகளுக்கு அஞ்சி, பொழுது சாய்ந்தபின் சத்தமில்லாமல் ஞானஸ்நானம் கொடுக்கும்படி கேட்டார்கள். பயந்தவனுக்கு விசுவாசம் இல்லை என்று சொல்லியனுப்பிவிடாமல் ஜட்சன் இணங்கினார். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடிய இடம் இது. கேட்டவர்களின் பயமும் வெறும் கற்பனை இல்லை. மௌங் ஷ்வே நௌங் என்ற படித்த மனிதர் வாரக்கணக்கில் வந்து ஜட்சனோடு வாதிட்டவர். அவர் மதத்தை விட்டுவிட்டார் என்று ரங்கூன் ஆளுநரிடம் புகார் போனது. “மேலும் விசாரியுங்கள்” என்றார் ஆளுநர். இரண்டே வார்த்தை, சாயத்தில் ஆள் நடமாட்டம் நின்றுவிட்டது.

அரசரிடம் நேரே அனுமதி கேட்கலாம் என்று ஜட்சனும் உடன் ஊழியர் கோல்மனும் 1819 டிசம்பரில் ஐராவதி ஆற்றில் தலைநகருக்குப் படகேறினார்கள். அரசர் பாகிதா அவர்கள் கொடுத்த துண்டுப் பிரசுரத்தின் முதல் வரிகளைப் படித்துவிட்டுக் கீழே நழுவவிட்டார். அவ்வளவுதான். திரும்பி வந்த ஜட்சன் ரங்கூனை விட்டுச் சிட்டகாங் பக்கம் போய்விட முடிவு செய்தார். சபையில் அப்போது இருந்தவர்கள் மூன்றே பேர். உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது என்பேன். போகப்போகிறேன் என்று அவர் சொன்னதும், அந்த மூவரில் ஒருவரான மௌங் ப்யா வேறு சிலரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். எட்டோ பத்தோ பேர் சேரும்வரையாவது இருங்கள், பிறகு எங்களில் ஒருவரைப் போதகராக வைத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டார்கள். ஜட்சன் திட்டத்தை மாற்றிக்கொண்டு தங்கினார், கோல்மன் மட்டும் போனார். அமெரிக்காவிலிருந்த மிஷன் சங்கத்தைக் கேட்டு எடுத்த முடிவில்லை இது. ரங்கூன் சபை எப்போது தன் காலில் நிற்கும் என்பதை அந்தச் சிலர்தான் வரையறுத்தார்கள்.

1820 ஜூலையில் பத்தாவது ஆளும் சேர்ந்தார். அவர் மா மின் லே என்ற பெண். பிற்பாடு, பையன்கள் எழுத்துப் படிக்க மடாலயத்துக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை இருக்கக் கூடாது என்று சொல்லி, ஆண் பெண் இரு பாலருக்கும் பள்ளி நடத்த முன்வந்தவரும் அவர்தான். யாரும் அவரை ஏவவில்லை.

இதன் பிறகு ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர், ஜட்சனுக்குச் சிறை, ஆனின் மரணம். தலையணைக்குள் ஒளித்த பர்மிய வேதாகம மொழிபெயர்ப்புப் பிரதியின் கதையை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள், விட்டுவிடுகிறேன். போரில் ரங்கூன் சபை சிதறியது, ஜட்சனும் தெற்கே போய்விட்டார். மிச்சமிருந்தவர்களைச் சேர்த்துக் கட்டியவர் கோ தா ஆ என்ற பர்மியர். 1829இல் அவருக்குப் போதகர் பட்டம் கொடுக்கப்பட்டது. மௌங் ப்யா கேட்டது நிறைவேற ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆயின.

ஜட்சனைப் புனிதராக்கி உங்களிடம் ஒப்படைக்க எனக்கு விருப்பமில்லை. பாலி நூல்களைப் படித்த மனிதர், ஆனாலும் பௌத்தத்தில் இருளைத் தவிர வேறெதையும் அவரால் பார்க்க முடியவில்லை. கடைசியில் பெருங்கூட்டமாக வந்தவர்களும் அவர் வாழ்நாளெல்லாம் யாருடைய மொழியில் உழைத்தாரோ அந்தப் பர்மியர்கள் இல்லை, அதே நாட்டில் வேறு மொழி பேசும் கரேன் இன மக்கள். அவர்களிடையே முதலில் அலைந்து திரிந்தவர் கோ தா ப்யூ, 1828இல் ஞானஸ்நானம் பெற்ற கரேன்காரர், முன்னாள் கொள்ளைக்காரர். அந்த வளர்ச்சிக்குப் பிந்தைய அறிக்கைகளையும் புரட்டியிருக்கிறேன். ஆயிரக்கணக்கில் எண்கள் வரத் தொடங்கியதும் மௌங் ப்யா போன்ற ஆட்கள் பக்கங்களிலிருந்து காணாமல் போகிறார்கள்.

ஆன் எழுதிய கடிதங்கள் 1823லேயே புத்தகமாக வந்துவிட்டன. ஆங்கிலம்தான், ஆனால் எளிமையானது. முதலில் அதைப் படியுங்கள், ஜட்சனின் நாட்குறிப்பு பிறகு.

அடுத்த ஆண்டு அந்த மிஷனெரி வரும்போது கூட்டத்தில் எழுந்து கேட்காதீர்கள், சங்கடப்படுவார். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, அங்குள்ள சபையார் உங்களிடம் எதை மறுத்துப் பேசினார்கள், நீங்கள் எதற்கு இணங்கினீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.